பெயர் நெய்த பாய்

சென்ற பருவத்தில் ஒரு நாள், இளங்கலை முதலாமாண்டு மாணவியர்க்குத் திருக்குறளின் 11ஆம் அதிகாரமாகிய செய்ந்நன்றியறிதலைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். பாடம் முடியும் தறுவாயில் கடைசி வரிசையிலிருந்து மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "அம்மா, நீங்கள் நன்றி சொல்லத் தவறியவர் எவரேனும் உண்டா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, அறியும் ஆவலோடுதான் கேட்டாள். ஆண்டுதோறும் இவ்வதிகாரத்தை நடத்தி வருகிறோம். பரிமேலழகர் கூறும் நயமும், மணக்குடவர் வேறுபடும் இடமும் ஏட்டைப் பாராமலே சொல்ல வரும். அம்மாணவியின் கேள்விக்கு மட்டும் விடை நாவில் எழவில்லை. நல்லவேளையாக மணி அடித்தது. அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்று கூறி வெளியேறினோம். அடுத்த வகுப்பிலோ 12ஆம் அதிகாரமாகிய நடுவு நிலைமைக்குச் சென்றுவிட்டோம்.

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று பணிக்கப்பட்டபோது, வழக்கம்போல இஸ்லாமியத் தமிழிலக்கியம் பற்றியே எழுத எண்ணி நூல்களைப் புரட்டினோம். எந்த நூலைத் திறந்தாலும் அக்கேள்வியே குறுக்கே வந்து நின்றது. ஆதலின், வகுப்பறையில் தரத் தவறிய விடையை இங்கே தர முற்படுகிறோம். ஆய்வு நோக்கோடு படிப்போர் எம்மைப் பொறுத்தருள்வாராக.

யாம் பிறந்த ஊர் பத்தமடை. திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மாதேவிக்கு அருகே, தாமிரபரணி நீர் பாயும் வயல்களுக்கிடையே அமைந்தது. கோரைப் பாயால் பெயர் பெற்ற ஊர் அது. அப்பாய்க்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டுள்ளது. நெய்வோருள் பெரும்பாலோர் இஸ்லாமியப் பெண்டிர். எம் உம்மாவும் அவர்களுள் ஒருவர். ஆற்றங்கரையில் விளையும் கோரையை அறுத்து உலர்த்தி, மெல்லியதாகக் கிழித்து, பட்டுப்பாய்க்கு உரியதாயின் ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்திச் சாயம் தோய்ப்பர். பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, நீண்ட குச்சியின் நுனியில் கோரையைச் செருகிப் பாவின் ஊடே செலுத்தி, அச்சினால் அடித்து இறுக்குவர். நேர்த்தியான பட்டுப்பாய் ஒன்று முடியத் திங்கள்கள் பல ஆகும். முடிந்த பாயோ துணியைப் போல மடிந்து சிறு பெட்டிக்குள் அடங்கிவிடும். திருமணத்துக்குப் பாய் நெய்யும்போது மணமக்களின் பெயர்களைப் பாயிலேயே எழுத்தாக நெய்து தருவதும் எம் ஊர் வழக்கம்.

உம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்லர். திருக்குர்ஆனை ஓதுவார், தமிழ் எழுத்து அறியார். பெயர் நெய்ய வேண்டுமாயின் எவரேனும் கட்டமிட்ட தாளில் எழுதித் தருவர். அக்கட்டங்களை எண்ணி எண்ணி உம்மா நெய்து முடிப்பார். எம் போன்றோர்க்கு எழுத்து ஓர் ஒலி. உம்மாவுக்கோ அஃது ஓர் எண்ணிக்கை. பாயின் விளிம்பை மடித்துக் கட்டி முடித்தவுடன் அவர் வாயிலிருந்து 'அல்ஹம்து லில்லாஹ்' என்னும் சொல் வரும். ஒருமுறை வியாபாரி ஒருவர் ஏதோ குறை சொல்லிப் பாதி விலைக்குப் பாயை எடுத்துச் சென்றார். அன்றும் உம்மா அச்சொல்லைச் சொல்லியிருந்தார். சிறுமியாக இருந்த யாம், "இதுக்குப் போயி ஏன் உம்மா அல்ஹம்து லில்லாஹ்?" என்று கேட்டோம். "பாயி முடிஞ்சதுக்குச் சொன்னேன் புள்ள, வெலைக்குச் சொல்லல்ல" என்றார். அதன் பொருள் எமக்குப் பல்லாண்டுகள் விளங்கவில்லை.

வாப்பா மிதிவண்டியில் பாய்க்கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விற்று வந்தார். 1996ஆம் ஆண்டு யாம் பத்தாம் வகுப்பில் தேறினோம். எம் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் அதுவரை அந்த அளவுக்கும் படித்ததில்லை. "படித்தது போதும், இனிப் பாவில் உட்காரட்டும்" என்று வாப்பா முடிவு செய்துவிட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. கையில் பணம் இல்லை; உறவினர் வாய்க்கும் அஞ்ச வேண்டியிருந்தது. அப்போது எம் தமிழாசிரியை எங்கள் வீடு தேடி வந்தார். ஊரின் மறுபுறத்தில் குடியிருந்தவர். எம் சமயத்தவர் அல்லர். எங்கள் தெருவுக்குள் அதற்குமுன் வந்தவரும் அல்லர். முதல் முறை வந்தபோது வாப்பா பணிவோடு மறுத்துவிட்டார். இரண்டாம் முறை வந்தபோது வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் செய்தார். மூன்றாம் முறை ஆசிரியை திண்ணையில் அமர்ந்தே விட்டார். "நான் கேட்க வரவில்லை, பாய். பதினோராம் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டேன். நீங்கள் அனுப்பாவிட்டால் அந்தப் பணம் வீண்" என்றார். வாப்பா வணிகர். பிறர் பணம் தம்மால் வீணாவதை அவரால் பொறுக்க இயலாது. மறுநாள் யாம் பள்ளிக்குச் சென்றோம்.

அதன்பின் இரண்டாண்டுகள் நூலும் ஏடும் பேருந்துக் கட்டணமும் அவ்வாசிரியை தந்தார். எமக்குச் சீறாப்புராணத்தை முதன்முதலில் அறிமுகம் செய்தவரும் அவரே. "இது உங்கள் வீட்டு நூல், நீயே படிக்காவிட்டால் யார் படிப்பார்?" என்பார். பின்னர் உதவித்தொகையாலும் உம்மாவின் பாய்களாலும் கல்லூரிப் படிப்பு நடந்தது. முதுகலை முடித்து, 2005ஆம் ஆண்டு ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்றோம். கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா, தென்காசி ரசூல் பீவி, இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள் ஆகிய ஞானப்பெண்டிரின் பாடல்களே எம் ஆய்வுப் பொருள். இறைவன்பால் அவர்கள் கொண்ட அன்பைப் பகுத்தும் வகுத்தும் பக்கம் பக்கமாக எழுதினோம். 2008ஆம் ஆண்டு எமக்குக் கல்லூரிப் பணி கிடைத்தது.

அவ்வாண்டு எங்கள் தெருவார் கூடி எமக்குப் பாராட்டுக் கூட்டம் ஒன்று நடத்தினர். மணமாகிச் சில திங்களே ஆகியிருந்தன. கணவர் வீட்டாரும் வந்திருந்தனர். ஏற்புரையில் இறைவனுக்கும் பெற்றோர்க்கும் பேராசிரியர்களுக்கும் நெறியாளர்க்கும் விழாத் தலைவர்க்கும் நன்றி கூறினோம். மைக் செட்டுக்காரருக்குக்கூடக் கூறினோம். மூன்றாம் வரிசையில் எம் தமிழாசிரியை அமர்ந்திருந்தார். அவர் பெயரை மட்டும் கூறவில்லை. கூட்டம் முடிந்ததும் அவர் மேடையருகே வந்து எம் கன்னத்தைத் தட்டி, "நல்லாப் பேசின" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பதற்றத்தில் மறந்துவிட்டோம்" என்று அன்றிரவு உம்மாவிடம் கூறினோம். பிறரிடமும் அவ்வாறே கூறி வந்தோம். இன்று உண்மையை எழுதிவிடுகிறோம். யாம் மறக்கவில்லை. அவர் பெயர் எம் நாவின் நுனி வரை வந்தது. ஆனால், அப்பெயரைச் சொன்னால் அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். எம் வாப்பா எம்மைப் படிக்க அனுப்ப மறுத்ததும், பிறர் கட்டிய பணத்தில் யாம் படித்ததும் புது உறவினர் முன் வெளிப்பட்டுவிடும். எல்லாம் எம் முயற்சியால் வந்தது என்று அவர்கள் எண்ண வேண்டும் என விரும்பினோம். ஆகவே நாவின் நுனிக்கு வந்த பெயரை விழுங்கிவிட்டோம்.

உம்மா எம்மை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை கோரையை நீரில் ஊறப்போட்டார். சில நாள் கழித்துக் கட்டமிட்ட தாளை எம்மிடம் நீட்டி, "டீச்சர் பேர எழுது" என்றார். எழுதிக் கொடுத்தோம். நான்கு திங்கள் கழித்து, ஆசிரியையின் பெயர் சிவப்புக் கோரையில் நெய்யப்பெற்ற பட்டுப்பாய் ஒன்று மடித்து எம் கையில் தரப்பட்டது. "ஒரு எட்டு போயி குடுத்துட்டு வந்துரு" என்பதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

யாம் போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்னும் கூச்சமே முதற்காரணம். பின்னர்க் குழந்தைகள், விடைத்தாள்கள், வீடு மாற்றம் எனக் காரணங்கள் தாமே வந்து சேர்ந்தன. ஆசிரியை ஓய்வு பெற்று, தென்காசிப் பக்கம் மகன் வீட்டுக்குச் சென்றுவிட்டதாகக் கேள்விப்பட்டோம். பாய், பத்தமடை வீட்டுப் பரணில் இருந்தது. வேறு பாயாக இருந்தால் உம்மா எவருக்கேனும் விற்றிருப்பார். பெயர் நெய்த பாயை விற்க இயலாது. அஃது உரியவரைச் சேர்ந்தே ஆக வேண்டும். ஆண்டுதோறும் மழைக்காலம் கழிந்ததும் உம்மா அதை இறக்கி, நிழலில் விரித்து உலர்த்தி, வேப்பிலை இட்டு மீண்டும் மடித்து வைப்பார். யாம் ஊருக்குச் சென்றிருக்கும் நாளாக இருந்தால் எம் கண்ணில் படும்படியே விரிப்பார். இவ்வாறு பதினோர் ஆண்டுகள் கடந்தன.

2019ஆம் ஆண்டில் உம்மாவுக்குப் பக்கவாதம் கண்டது. வலக் கையும் வலக் காலும் செயலற்றன, நாவும் குழறியது. வாப்பா அதற்கு முன்பே இறைவனடி சேர்ந்திருந்தார். மருத்துவமனையில் சில வாரங்கள் இருந்தபின் உம்மாவைப் பத்தமடைக்கே அழைத்து வந்தோம். பாவின் முன் அமர்ந்து அரை நூற்றாண்டு உழைத்த அக்கை, பாயின்மேல் வைத்த இடத்திலேயே கிடந்தது. பிள்ளைகளின் கல்வியும் எம் பணியும் வெளியூரில் இருந்தமையால், விடுப்பெடுத்துக்கொண்டு யாம் அங்கும் இங்குமாக அலைந்தோம். உடல் சோர்ந்தது, அதனினும் மனம் சோர்ந்தது.

அந்நாள்களில் யாம் தொழுகையை விட்டுவிடவில்லை. ஆனால் தொழுகை எம்மை விட்டுவிட்டது போலிருந்தது. நிற்போம், குனிவோம், நெற்றி நிலத்தில் படும், நெஞ்சில் ஒன்றும் அசையாது. கையேந்தினால் முறையீடுகளே வரும். உம்மா எவர்க்கு என்ன தீங்கு செய்தார்? அந்தக் கையையா எடுக்க வேண்டும்? இவ்வளவு தொழுதும் ஓதியும் கண்ட பயன் யாது? இறைவனிடம் கணக்குக் கேட்கும் கடன்காரரைப் போல நின்றோம். உண்மையில் கடன்பட்டவர் யார் என்பது அப்போது விளங்கவில்லை.

ஒரு நாள் சுபுஹுத் தொழுகையில் நின்றபோது எம் கருத்து ஓரிடத்தில் தடைப்பட்டது. திருக்குர்ஆனின் தோற்றுவாயாகிய அல்ஹம்து சூரா 7 வசனங்களை உடையது. ஐவேளைக் கடமைத் தொழுகைகளின் 17 ரக்அத்துகளிலும் அதனை ஓதுகிறோம். அதன் அமைப்பை இலக்கண மாணவர் ஒருவர் நோக்கினால் ஒன்று புலப்படும். முதலில் புகழும் நன்றியும் வருகின்றன. இறைவனின் அன்பும் ஆட்சியும் எடுத்துரைக்கப்படுகின்றன. வேண்டுகோள் அவற்றுக்குப் பின்னரே வருகிறது. நாள்தோறும் 17 முறை நன்றியைக் கொண்டு தொடங்கிவிட்டு, எம் வேண்டுகோள் இருக்கும் இடத்தை நோக்கியே விரைந்து ஓடியிருக்கிறோம். 'பாய் முடிந்ததற்குச் சொன்னேன், விலைக்குச் சொல்லவில்லை' என்று உம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. யாமோ வாழ்நாள் முழுவதும் விலைக்காகவே அச்சொல்லைச் சொல்லி வந்திருக்கிறோம். விலை குறைந்தவுடன் சொல்லும் வற்றிவிட்டது.

தொழுகை விரிப்பிலிருந்து எழுந்தபோது உம்மா விழித்திருந்தார். இடக் கையை உயர்த்திப் பரணைச் சுட்டினார். "டீச்சர்... பாயி..." என்று குழறினார். மழைக்காலம் கழிந்திருந்தது. இனி அதை இறக்கி உலர்த்தத் தம்மால் இயலாது என்பதே அவருடைய கவலை. தம் கை போனதைப் பற்றி அவர் ஒருநாளும் அவ்வளவு கவலையோடு பேசியதில்லை.

அன்றே புறப்பட்டோம். ஆசிரியையின் மகன் வீட்டைக் கண்டுபிடிக்க நண்பகல் ஆயிற்று. மருமகள் எம்மை அன்போடு வரவேற்றார். ஆனால் வாசலிலேயே ஒன்றைச் சொல்லிவிட்டார். ஆசிரியைக்கு நினைவு தவறிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. பெற்ற மகனையே சில நாள் அறிந்துகொள்வதில்லை என்றார். யாம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டோம். திரும்பிவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. கையில் இருந்த பாய் திரும்பவிடவில்லை.

கூடத்தில் நாற்காலியில் ஆசிரியை அமர்ந்திருந்தார். தலை முழுதும் வெண்பஞ்சாகியிருந்தது. அவர்தம் காலடியில் பாயை விரித்தோம். குனிந்து பார்த்தார். நெய்யப்பட்ட எழுத்துகளின்மேல் விரலை வைத்து, வகுப்பில் எமக்குப் படித்துக்காட்டும் அதே நிதானத்தில் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித் தம் பெயரைப் படித்தார். பிறகு நிமிர்ந்து, "யார் பேரு இது?" என்றார்.

"ஒங்க பேருதான் டீச்சர்."

அதை அவர் காதில் வாங்கவில்லை. மீண்டும் ஒருமுறை விரலால் தடவினார். "எழுத்து ஒண்ணும் தப்பில்ல. யார் எழுதினது?"

"எங்க உம்மா, டீச்சர்."

"நல்லா எழுதியிருக்கா. எந்த வகுப்பு?"

எமக்குப் பேச்சு எழவில்லை. சிறிது நேரம் கழித்து, அவர் அருகே தரையில் அமர்ந்து, சொல்ல வந்ததைச் சொன்னோம். மூன்று முறை அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததையும், பணம் கட்டியதையும், பாராட்டுக் கூட்டத்தில் அவர் பெயரை யாம் சொல்லாமல் விட்டதையும், அது மறதியால் நேர்ந்ததன்று என்பதையும் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னோம். மனப்பாடச் செய்யுளை ஒப்பிக்கும் சிறுமியைப் பார்ப்பதுபோல எம்மைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார். முடித்தோம். எம் தலைமேல் கை வைத்தார்.

"ஸ்கூலுக்குப் போறியா பிள்ள? வீட்டுல விடுறாங்களா?"

வீட்டுக்கு வரும் பெண்பிள்ளை எவராயினும் இதையே கேட்கிறார் என்றார் மருமகள். பால் கொண்டுவரும் சிறுமியிடமும் நாள்தோறும் கேட்பாராம். தம் பெயரை மறந்தவர், மகனை மறந்தவர், இந்தக் கேள்வியை மட்டும் மறக்கவில்லை. "போறேன் டீச்சர். விடுறாங்க" என்றோம். நிறைவோடு சிரித்தார்.

திரும்பும் வழியெல்லாம் உம்மாவிடம் என்ன சொல்வது என்று எண்ணிக்கொண்டே வந்தோம். ஆசிரியை எம்மை அறிந்துகொள்ளவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. மறைத்ததனால் வந்த பதினோராண்டுச் சுமையை இறக்கிவிட்டு, அன்றே மற்றொன்றை ஏற்றிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. நடந்தது முழுவதையும் சொன்னோம். உம்மாவின் கண்கள் கலங்கின. ஆனால் எழுத்தில் ஒன்றும் தப்பில்லை என்று ஆசிரியை கூறியதைச் சொன்னபோது, செயலுள்ள இடப்பக்க முகம் மலர்ந்தது. மீண்டும் சொல்லச் சொன்னார், மீண்டும் சொன்னோம். பள்ளி செல்லாத எம் உம்மா எழுதித் தேறிய ஒரே தேர்வு அதுதான். பின்னர் இடக் கையைத் தம் நெஞ்சின்மேல் வைத்து, எழுத்து எழுத்தாக, மிகுந்த முயற்சியோடு 'அல்ஹம்து லில்லாஹ்' என்றார். 2008ஆம் ஆண்டு அப்பாயின் விளிம்பை மடித்துக் கட்டியபோது அவர் அச்சொல்லைச் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எமக்கு நினைவுக்கு வந்தது. அந்தப் பாய் அன்றுதான் முடிந்தது.

அன்றிரவு இஷாத் தொழுகையில் நின்றோம். உம்மாவின் கை திரும்பவில்லை. எம் அலைச்சலும் குறையவில்லை. ஆயினும் முதற்சொல்லிலேயே நெஞ்சு அசைந்தது. அதற்கு அப்பால் செல்ல நெடுநேரம் ஆயிற்று.

மொழி ஆசிரியர் என்னும் முறையில் சில சொற்களை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கிறோம். 'நம்பு' என்னும் சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம், என்னும் பொருளைத் தொல்காப்பிய உரியியல் தருகிறது. ஆகவே தமிழில் நம்பிக்கையின் அடியிலே அன்பு இருக்கிறது. அரபியிலோ 'ஈமான்' என்னும் சொல்லும் 'அமானத்' என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளே அமானத். 'ஷுக்ர்' என்பது நன்றி. அதற்கு எதிர்ச்சொல்லாக வரும் 'குஃப்ர்' என்பதற்கு மூடுதல், மறைத்தல் என்பது வேர்ப்பொருள். விதையை மண்ணால் மூடும் உழவனையும் அவ்வேரினின்று பிறந்த சொல்லால் குறிக்கும் வழக்கு அம்மொழியில் உண்டு. நன்றியின்மை என்பது பெரும்பாலும் மறத்தல் என்றே நாம் கருதுகிறோம். எம் வாழ்வு எமக்குக் காட்டியது வேறு. மறந்தவர்க்குச் சுமை இல்லை. மறைத்தவரே சுமக்கிறார். ஒருவர் செய்த நன்மையை மூடி வைத்த நெஞ்சு, அந்த ஒன்றை மட்டும் மூடுவதில்லை. இறைவனை நோக்கித் திறக்க வேண்டிய வாயிலும் அதனோடு சேர்ந்தே மூடிக்கொள்கிறது. மனிதர்க்கு நன்றி பாராட்டாதவர் இறைவனுக்கும் நன்றி பாராட்டியவர் ஆகார் என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதன் ஆழத்தை யாம் அறிந்தது அந்தப் பயணத்தில்தான்.

நம் புலவர்கள் இதனை நன்கறிந்திருந்தனர். உமறுப்புலவர்க்கு வள்ளல் சீதக்காதிக்குப் பின் ஆதரவு நல்கியவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். அவரைச் சீறாப்புராணத்தின் உள்ளேயே உமறு இடையிடையே போற்றி வைத்தார். கம்பரும் தம்மைப் புரந்த சடையப்ப வள்ளலைத் தம் காப்பியத்தினுள் நினைவுகூர்ந்தார். காப்பியம் இருக்கும்வரை அப்பெயர்கள் இருக்கும். இவ்விருவர் செய்ததையும் வகுப்பில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம். எழுத்தறியாத எம் உம்மா தம் காப்பியமாகிய பாயில் அதையே செய்தார் என்பதை மட்டும் உணராதிருந்தோம்.

ஆசிரியை 2020ஆம் ஆண்டு மறைந்தார். பெருந்தொற்றுக் காலமாதலின் செல்ல இயலவில்லை. உம்மா 2022ஆம் ஆண்டு, ரமலான் மாதத்தில், அமைதியாக இறைவனிடம் மீண்டார். அவ்விழப்பைத் தாங்கும் வலிமை எமக்கு எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்டனர். துயரம் இல்லை என்று யாம் கூறவில்லை. இன்றும் கோரையின் மணம் பட்டால் கண் நிறைகிறது. ஆனால் அவர் இருந்த ஆண்டுகளை எண்ணித் தொடங்கினால், இல்லாத ஆண்டுகளை எண்ணும் இடத்துக்குச் செல்வதற்குள் நெஞ்சு ஓரளவு வலுப்பெற்றுவிடுகிறது. நன்றியைக் கொடுத்து நலத்தை வாங்கும் பண்டமாற்றாக இதனைக் கொள்ளலாகாது. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த ராபியா அம்மையார், சுவனத்தை விரும்பியும் நரகுக்கு அஞ்சியும் செய்யும் வணக்கத்தினும் அன்பினால் செய்யும் வணக்கத்தையே மேலாகப் போற்றினார் என்பர். அத்தகைய உயரம் எமக்கு எட்டாது. விலைக்காக அன்றிப் பாய் முடிந்ததற்காகவே நன்றி கூறும் ஓர் உம்மாவின் உயரமே எமக்குப் போதும். அதையும் இன்னும் எட்டியபாடில்லை.

கேள்வி கேட்ட அன்பு மாணவியே, உண்டு என்பதே எமது விடை. ஒருவர் இருந்தார், காலம் கடந்தே அவரிடம் சென்றோம். சென்றதனால் எமக்கு நேர்ந்ததை மேலே கூறிவிட்டோம். உன் வீட்டுப் பரணிலும் பெயர் நெய்த பாய் ஒன்று இருக்கக்கூடும். உன்னைப் பள்ளிக்கு அனுப்பப் பேசிய பாட்டியோ, கட்டணம் கட்டிய மாமாவோ, மிதிவண்டியை விட்டுக்கொடுத்த அண்ணனோ, பக்கத்து வீட்டு அக்காவோ அதற்கு உரியவராக இருக்கலாம். வரும் விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது அதை இறக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வா. உரியவர்க்கு நினைவு இருக்கும்போதே போ.

செய்த நன்மையை மறையாத நாவையும், அந்நாவோடு ஒத்து அசையும் நெஞ்சையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.